வைரஸ்களின் நகலெடுப்பைத் தமிழில் கற்பிக்க உதவி தேவை

குழுவிலுள்ள உயிரியல் ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் வணக்கம். மேல்நிலை மாணவர்களுக்காக, வைரஸ்கள் தம் மரபுப்பொருளை நகலெடுக்கும் முறைகளைப் பற்றி ஒரு பாடக்குறிப்பு எழுதி வருகிறேன். இரண்டு இடங்களில் உங்கள் உதவி தேவைப்படுகிறது.

முதலாவது, கலைச்சொல். போலியோ வைரஸின் ஆர்.என்.ஏ. செல்லுக்குள் நுழைந்ததும் ரைபோசோம்கள் அதை நேரடியாகப் படித்துப் புரதம் செய்துவிடுகின்றன. இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸின் 8 ஆர்.என்.ஏ. துண்டுகளை அப்படிப் படிக்க இயலாது. அவற்றுக்கு இணையான எதிர் இழை முதலில் உருவாக வேண்டும், அதற்கான நொதியையும் வைரஸ் தன் துகளுக்குள்ளேயே சுமந்து வருகிறது. இவ்விரு வகை ஆர்.என்.ஏ.க்களையும் முறையே ‘நேர்மறை’, ‘எதிர்மறை’ என்று எழுதினால், மாணவர்கள் மின்னூட்டத்தையோ பரிசோதனை முடிவையோ நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் வகுப்பில் எந்தச் சொற்களைப் பயன்படுத்துகிறீர்கள்?

இரண்டாவது, எனக்கு மிகவும் முக்கியமாகப்படும், கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி வைரஸ். ஏறத்தாழ 3,200 கார இணைகள் கொண்ட அதன் டி.என்.ஏ., கல்லீரல் செல்லின் உட்கருவில் முழு வட்டமாகச் சீரமைக்கப்படுகிறது, அதிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்பட்டு, அந்த ஆர்.என்.ஏ.விலிருந்து மீண்டும் டி.என்.ஏ. உருவாகிறது. இப்படி ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. உருவாவதே, 1970-இல் அறிவியலாளர்கள் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே அறிவித்த தலைகீழ்ப் படியெடுத்தல். அது எச்.ஐ.வி. போன்ற ஆர்.என்.ஏ. வைரஸ்களுக்கே உரியது என்று நம்பும் மாணவர்கள் இங்கே குழம்பிப்போகிறார்கள். உட்கருவில் தங்கிவிடும் அந்த வட்ட டி.என்.ஏ.வே இந்நோயை முழுமையாகக் குணப்படுத்தத் தடையாக இருப்பதால், இப்பகுதியை விட்டுவிட எனக்கு மனமில்லை. கரும்பலகையில் படிப்படியாக வரையத்தக்க எளிய படம் யாரிடமேனும் இருந்தால், அன்புகூர்ந்து இங்கே பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.