மண்ணுல களிமண் துகள் (களி) 55%னு லேப் ரிப்போர்ட், கையில எடுத்தா மணல் மாதிரி உதிருது. நிலத்தை எந்தத் தகுதி வகுப்புல போடுறது?

செம்புலம்:
மழை அதிகமா பெய்ற இடத்துல ஒரு செம்மண் நிலம், மக்காச்சோளத்துக்கு ஆகுமான்னு மதிப்பீடு பண்றேன். பி.எச். 4.7 (நல்ல அமிலம்), களி 55%, நல்ல ஆழம், சரிவும் இல்லை. ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டு சராசரி எடுத்தா எஸ்2, அதாவது நடுத்தரத் தகுதி வருது. ஆனா நேர்ல போனா மழை பெஞ்ச ரெண்டாம் நாளே காஞ்சு கிடக்கு. லேப் தப்பா, நான் தப்பா?

வேரடி:
லேப் சரிதான். அங்க ரசாயனம் கலந்து துகளைப் பிரிச்சுட்டுதான் அளப்பாங்க, அதனால களி தெரியுது. நிலத்துல இரும்பு, அலுமினிய ஆக்சைடு அந்தக் களியை குட்டிக் குட்டி உருண்டையா இறுக்கி வெச்சிருக்கும், தண்ணி உருண்டைக்கு நடுவுல மணல்ல இறங்குற மாதிரி சர்ருனு இறங்கிடும், உருண்டைக்கு உள்ள இருக்கிற தண்ணியில பெரும்பகுதியை வேரால உறிஞ்ச முடியாது. வெப்பமண்டலத்துல ரொம்ப காலமா சிதைஞ்சு உருவான ஆக்சிசால்ங்கிற மண் வகையில இது சகஜம். களி சதவீதத்தை வெச்சு ஈரம் பிடிக்கும்னு மார்க் போடாதீங்க, ஈரத்தைத் தனியா அளங்க.

நிலவரை:
சராசரி எடுக்கிறதை முதல்ல விடுங்க ப்ளீஸ். ஆழம் நல்லா இருக்குங்கிறதுக்காக அமிலம் குறைஞ்சிடுமா? எது ரொம்ப மோசமோ அதுதான் வகுப்பை முடிவு பண்ணணும். எஃப்.ஏ.ஓ. (ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு) 1976ல கொடுத்த எஸ்1 (நல்ல தகுதி), எஸ்2, எஸ்3 (குறைஞ்ச தகுதி), 'என்' (N, தகுதி இல்லை) எல்லாமே ஒரு குறிப்பிட்ட பயன்பாட்டுக்குத்தான், நிலத்துக்கு மொத்தமா போடுற மார்க் இல்லை. இதே பி.எச்.ல தேயிலை நல்லா வரும், மரவள்ளியும் தாங்கும், மக்காச்சோளம்தான் திணறும். அலுமினியம் எவ்வளவு, அடிமண்ணுல பாத்தீங்களா?

செம்புலம்:
இல்லைங்க, மேல 20 செ.மீ. மட்டும்தான் எடுத்தேன்.

நிலவரை:
அப்போ வகுப்பே போடாதீங்க இப்போ. ஒன்றரை மீட்டர் குழி வெட்டி அடுக்கு அடுக்கா எடுங்க. 50 செ.மீ.க்குள்ள அலுமினியச் செறிவு, அதாவது மண் துகள் பிடிச்சு வெச்சிருக்கிற நேர்மின் அயனிகள்ல அலுமினியத்தோட பங்கு, 60 சதவீதத்தைத் தாண்டினா மக்காச்சோள வேர் கீழ போகாம மேலயே நின்னுடும், அடியில ஈரம் இருந்தும் பயிர் வாடும். சுண்ணாம்பு போட்டா மேல்மண் தேறும், ஆனா அது கீழ இறங்க வருஷக்கணக்காகும், ஜிப்சம் கொஞ்சம் வேகமா இறங்கும். அதனால இப்போ இருக்கிற தகுதி, திருத்தின பிறகு வர்ற தகுதின்னு ரெண்டா எழுதுங்க.

வேரடி:
மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) சேர்த்துக்கோங்க, இந்த ஆக்சைடுங்க அதையும் பிடிச்சு வெச்சுக்கும், உரம் போட்டும் பயிருக்குப் போகாது. சி.இ.சி.யை, அதாவது நேர்மின் அயனிச் சத்துகளை மண் பிடிச்சு வைக்கிற திறனை, பி.எச். 7ல அளந்திருந்தா நம்பாதீங்க, நிலத்தோட பி.எச்.லயே அளக்கச் சொல்லுங்க, பாதிகூட வராம போகலாம்.

செம்புலம்:
குழி வெட்டிட்டு ரிசல்ட்டோட வரேன்.