கிராம சபையில் எல்லோரும் கை தூக்கி முடிவெடுப்பது சரியா, தெரிந்தவர்களிடம் விட்டுவிடலாமா?

வாலாஜாக்காரன்:
எங்கள் ஊர் கிராம சபையில் ஏரிக் கலங்கலை, அதாவது ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் இடத்தை, உயர்த்துவது பற்றிப் பேச்சு வந்தது. உயர்த்தினால் தண்ணீர் கூடுதலாக நிற்கும் என்று பொறியாளர் வரைபடத்தைக் காட்டினார், மதகு பார்க்கும் பெரியவரோ மேலே இருக்கிற பட்டா நிலத்தில் தண்ணீர் ஏறிவிடும் என்றார். அப்புறம் கை தூக்கச் சொன்னார்கள், தீர்மானம் நிறைவேறிவிட்டது. தூக்கியவர்களில் பாதிப் பேர் அந்தக் கலங்கல் பக்கமே போனதில்லை. இது சரியா?

ராணிப்பேட்டை வாசி:
சரியில்லை. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் ஓட்டு எடுத்துவிட்டா இதய ஆபரேஷன் செய்கிறார்கள்? படித்தவர் முடிவெடுக்கட்டும்.

பாலாற்றங்கரை:
ஆபரேஷன் வேண்டுமா என்று கையெழுத்துப் போடுவது நோயாளிதானே அண்ணா, டாக்டர் இல்லையே. நம் பாலாற்றையே பாருங்கள். பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்பு போடுகிறார்கள், அந்த உப்பு டேனரிகளின் (தோல் பதனிடும் ஆலைகளின்) கழிவுநீரோடு போய்க் கிணறுகளில் இறங்குகிறது, சாதாரணச் சுத்திகரிப்பில் அது போகாது என்பதெல்லாம் நிபுணர்களுக்குத் தெரியும். டேனரிகள் இருக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதை, 1996-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே எழுதியது. அந்த வழக்கை 1991-இல் போட்டதும் வேலூர்க் குடிமக்கள் அமைப்புதான். அப்படியும் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி ஒரு குழு போடச் சொல்ல வேண்டி வந்தது. அறிவுக்கா பஞ்சம்? செலவு யார் தலையில் விழ வேண்டும் என்பதில்தான் இழுபறி, அதை எந்த ஆய்வகமும் தீர்க்காது. அவரவர் நிலம், கிணறு சம்பந்தப்பட்டது, அவர்களுக்குத்தான் அதில் பேச்சுரிமை.

குடியாத்தம் ஆசிரியர்:
பாலாற்றங்கரை சொல்வது சரி, ஆனால் விவரம் தெரியாமல் கை தூக்குவதை அது நியாயப்படுத்தாது. அந்த மதகுக்காரரும் நிபுணர்தான், எந்த மழைக்குத் தண்ணீர் எதுவரை ஏறும் என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் நினைவும் சில சமயம் தப்பும், அதனால் இருவரையும் கலங்கலுக்கே கூட்டிப் போய் மட்டம் பார்க்கச் சொல்லுங்கள், எந்தெந்த சர்வே எண்ணில் தண்ணீர் ஏறும் என்பதைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் சொல்லுங்கள், அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானத்தை மறுபடி எடுங்கள். எத்தனை அடி உயர்த்தப் போகிறார்கள்? அந்தப் பட்டாதாரர்கள் யாராவது அன்று வந்திருந்தார்களா?