புதுப்பிப்பு: அப்பாவின் இலங்கைப் பணி பதிவேட்டில் ஏறிவிட்டது

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. 1987-இல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போன அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் (படையிலிருந்து விடுபடும்போது தரும் பணிப் பதிவு) அந்தப் பணியும், வெளிநாட்டுப் பணிக்கான விதேஷ் சேவா பதக்கமும் விடுபட்டிருந்ததைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

பலித்தது, 'பார்ட் டூ ஆர்டரைத் தேடுங்கள்' என்ற யோசனைதான்; வீரரின் பணி விவரங்களைப் பதிந்து படைப்பிரிவு வெளியிடும் ஆணை அது. புகைப்படமும் கூடப் பணியாற்றியவர்களின் கடிதமும் வைத்து அனுப்பிய முதல் மனு திரும்பி வந்துவிட்டது. பிறகு அப்பாவின் டிரங்குப் பெட்டியில், துணிக்கு அடியில், ஆர்டரின் நகல் கிடைத்தது. அதை இணைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக, வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு அனுப்பினோம். நான்கு மாதத்தில் திருத்தம் வந்தது.

எதிர்பாராதது ஒன்று: பதிவு திருந்தியும் பதக்கம் வரவில்லை. அதற்குத் தனியாக எழுத வேண்டியிருந்தது. போன வாரம் ஸ்ரீலங்கா கிளாஸ்ப்புடன் (பணி செய்த இடத்தைக் காட்ட ரிப்பனில் பொருத்தும் சிறு பட்டை) கைக்கு வந்தது. கூடப்போய்த் திரும்பாத இருவரின் பெயரைத்தான் அப்பா முதலில் சொன்னார்.