செல்லூர் வீட்டுக் குழுவில் தாத்தாவின் குட்டையன் கதை

வியாழன், இரவு 8.12

சேகர்: ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு முதல் வருஷ சாமி கும்பிடு. செல்லூர் வீட்டில்தான். 10 மணிக்குள் வந்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று இன்றே சொல்லுங்கள்.

ராணி: 12 மணிக்கு எமகண்டம். அதற்கு முன் படையல் முடிய வேண்டும். 9 மணி என்று போடு.

பிரபு: நாங்கள் நாலு பேர். சனி இரவு பெங்களூரிலிருந்து பஸ். விடியற்காலை மாட்டுத்தாவணிக்கு யார் வருகிறீர்கள்?

மீனா: பெரியப்பா, நான் கயல். அம்மா போனில் இருந்து. படத்துக்கு முன்னால் தாத்தாவுக்குப் பிடித்த குட்டையன் கதையைச் சொல்லட்டுமா? ஐந்து நிமிடம்தான். புத்தகம் எங்கே இருக்கிறது?

செல்வம்: கயல், படித்ததும் கண் கலங்கிவிட்டது. கட்டாயம் சொல்லம்மா. புத்தகத்தின் பெயர் 'தி ஹாபிட்'. அந்த ஹாபிட்டைத்தான் நாம் குட்டையன் என்கிறோம். எழுதியவர் டோல்கீன், ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர். 1937 செப்டம்பர் 21 அன்று வெளிவந்தது. அதற்கு முன் பதிப்பாளர் அதைத் தன் 10 வயது மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அந்தப் பையன் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான். அதற்கு அவனுக்குக் கூலி ஒரு ஷில்லிங். ஒன்பதாவது படிக்கிற நீ பெரியவர்கள் முன்னால் பேசத் தயங்கவே வேண்டாம். நம் பிரதி புதுமண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் நான் வாங்கியது. அப்பாவின் தகரப்பெட்டியில் இருந்தது.

ராணி: தகரப்பெட்டி இப்போது வில்லாபுரத்தில் இருக்கிறது.

சேகர்: கரையான் அரித்துவிடும் என்று எடுத்து வந்தேன். எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான்.

ராணி: என்னிடம் சொல்லவில்லை.

பிரபு: பெரிய மாமா, கரண்ட் போன ராத்திரிகளில் மொட்டை மாடியில் சொல்வீர்களே, அந்தக் கதைதானே? 13 குள்ளர்கள் குட்டையன் வீட்டுக்கு வந்து அங்கே இருப்பதை எல்லாம் தின்றுவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே தட்டு கழுவுவார்கள்.

ராணி: அதைக் கும்மி மாதிரி தட்டிப் பாடித்தான் என் எவர்சில்வர் தம்ளரை நசுக்கினாய்.

பிரபு: நசுக்கியது கார்த்தி.

செல்வம்: நல்ல இடத்தைப் பிடித்தாய் பிரபு. அந்தப் பாட்டு முழுக்க உடை, நொறுக்கு என்றுதான் வரும், ஆனால் ஒரு தட்டில்கூடக் கீறல் விழாது. அதே ராத்திரி, விளக்கு ஏற்றாத அறையில், அதே ஆட்கள் இன்னொரு பாட்டு பாடுவார்கள். டிராகன் பிடுங்கிக்கொண்ட மலையையும் தங்கத்தையும் பற்றியது. அதைக் கேட்கும்போதுதான் 50 வயது வரை வீட்டை விட்டு நகராத குட்டையனுக்குள் ஏதோ அசைகிறது. அவனைப் பயணத்துக்கு அழைத்த மந்திரவாதி எவ்வளவு பேசியும் நடக்காததைப் பாட்டு செய்துவிட்டது. பின்னால் சிலந்திகளிடம் நண்பர்கள் மாட்டிக்கொண்டபோது அவனே ஏசல் பாட்டுக் கட்டிச் சிலந்திகளைத் தன் பக்கம் இழுப்பான். பெருங்குளத்துக் கோயில் கொடையில் அப்பா எதிர்ப்பாட்டுப் பாடுவாரே, அது மாதிரி. அதனால்தான் அவருக்கு அந்த இடம் அவ்வளவு பிடித்தது.

சேகர்: அண்ணே, எத்தனை இலை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

மீனா: பெரியப்பா, டிராகனைக் கொல்வதைச் சொன்னால் எல்லாரும் கேட்பார்களா?

செல்வம்: டிராகனைக் குட்டையன் கொல்லவில்லை கயல். அம்பு எய்வது பார்டு என்ற ஏரி ஊர்க்காரன். கடைசிப் பெரிய போரிலும் குட்டையன் தலையில் கல் விழுந்து மயங்கிக் கிடப்பான். நீ சுரங்கத்தைச் சொல். மலைக்குள் டிராகன் தூங்குகிற இடத்துக்கு அவன் தனியாக இறங்குகிறான். பாதி வழியில் வெளிச்சம் தெரிகிறது, குறட்டைச் சத்தம் கேட்கிறது. நின்றுவிடுகிறான். பிறகு ஓர் அடி எடுத்து வைக்கிறான். அவன் செய்ததிலேயே பெரிய வீரம் அந்த ஓர் அடிதான் என்று ஆசிரியரே சொல்லிவிடுகிறார். டிராகனை அவன் அதுவரை பார்க்கக்கூட இல்லை.

செல்வம்: எழுதியவர் முதல் உலகப் போரில், 1916இல் சோம் போர்க்களத்தில் நின்றவர். அந்தப் போர் முடிவதற்குள் அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் இறந்துவிட்டார்கள். பயம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். இருதய ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, "செல்வம், சுரங்கம் வந்துருச்சு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. இதை நான் உங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

ராணி: அண்ணே

பிரபு: 🙏

சேகர்: எனக்குத் தெரியாது அண்ணே.

இரவு 9.05

ராணி: அம்மா குரல் பதிவு அனுப்பத் தெரியாமல் என்னிடம் சொல்கிறது. நான் டைப் செய்கிறேன். "கயலு, குட்டையன் கைக்குட்டையை மறந்துவிட்டு ஓடியதை விட்டுவிடாதே. தாத்தா அந்த இடத்தில்தான் சிரிப்பார்."

மீனா: சரி அப்பத்தா! விடுகதைப் போட்டியும் சொல்லவா? இருட்டுக் குகையில் கொல்லம் என்கிற ஆளும் குட்டையனும் மாறி மாறிக் கேட்பார்களே. குட்டையன் தோற்றால் கொல்லம் தின்றுவிடுவான். அப்பத்தா, இதற்கு விடை சொல்லுங்கள்: பூட்டும் இல்லை, மூடியும் இல்லை, பெட்டிக்குள்ளே பொன் இருக்கிறது.

ராணி: கேட்டு முடிக்கவில்லை, "முட்டை" என்கிறது.

பிரபு: அம்மாச்சியைக் குகைக்கு அனுப்பியிருந்தால் கொல்லம் பட்டினிதான்.

ராணி: சாமி கும்பிடுக்கு முட்டை வைப்பதா வேண்டாமா? போன தடவையே பேச்சு வந்தது.

சேகர்: அப்பாவுக்குப் பிடிக்கும். வைக்கலாம்.

ராணி: முதல் வருஷம் சைவம்தான்.

செல்வம்: கயல், கதை முடிவையும் விட்டுவிடாதே. அவன் ஊர் திரும்பும்போது, செத்துவிட்டான் என்று நினைத்து அவன் வீட்டுச் சாமானை எல்லாம் ஏலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். தன் சொந்த நாற்காலிகளையே அவன் காசு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியதாகிவிடும். வெள்ளிக் கரண்டிகள் பல கடைசிவரை கிடைக்கவில்லை. சொந்தக்காரர்கள்மேல்தான் அவனுக்குச் சந்தேகம்.

ராணி: அம்மாவின் வெள்ளிக் குங்குமச் சிமிழ் மாதிரி.

மீனா: மதினி, இது மீனா. யாரைச் சொல்கிறீர்கள்?

ராணி: யாரையும் சொல்லவில்லை. கருமாதி அன்று சாமி அலமாரியில் இருந்தது. மறுநாள் இல்லை. அவ்வளவுதான்.

சேகர்: ஒரு வருஷமாக இதையே சொல்கிறாய் அக்கா. வீட்டை விற்கக் கையெழுத்துக் கேட்டால் சிமிழ் என்கிறாய்.

ராணி: அம்மா இருக்கும்வரை அந்த வீட்டை விற்க விடமாட்டேன்.

செல்வம்: இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். நான் புண்படுத்த அதைச் சொல்லவில்லை. அந்தக் கதையில் நான் அதிகம் நினைப்பது ஓர் இடத்தை. புதையல் கிடைத்த பிறகு குள்ளர் தலைவன் தோரின் யாருக்கும் பங்கு தரமாட்டேன் என்று மலை வாசலை அடைத்துக்கொள்வான். வெளியே இரண்டு படைகள். குட்டையன் தன் பங்காக எடுத்து வைத்திருந்த, விலையே சொல்ல முடியாத ஒரு மணிக்கல்லை ராத்திரியோடு ராத்திரியாக எதிராளிகளிடம் கொடுத்து, இதை வைத்துப் பேசிச் சமாதானம் ஆகுங்கள் என்பான். அப்புறம் அங்கேயே பாதுகாப்பாகத் தங்கச் சொல்லியும் கேட்காமல், தன்னை ஏசப்போகிறவர்களிடமே திரும்பிப் போவான். சுரங்கத்தைவிட அது கடினம். தோரின் சாகும் நேரத்தில்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்பான். தங்கத்தைவிடச் சாப்பாட்டையும் பாட்டையும் மதித்திருக்கலாம் என்பான். இந்த வீட்டுக்கு மூத்தவன் நான். ஒரு வருஷமாக இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். என் பங்கு எனக்கு வேண்டாம். அதை வைத்து நீங்கள் இருவரும் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே பேச்சை எடுக்கிறேன்.

சேகர்: அன்றைக்கு வேண்டாம் அண்ணே.

ராணி: அண்ணி சம்மதித்தார்களா?

செல்வம்: இன்று ராத்திரி பேசுகிறேன்.

பிரபு: அதுதான் சுரங்கம்.

இரவு 10.20

மீனா: பெரியப்பா, கயல். பெட்டியைத் திறந்தோம், புத்தகம் இருக்கிறது! ஆனால் கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. கடைசியில் ஒரு பாட்டு வரும் என்பீர்களே, அதைக் காணோம்.

ராணி: கரையானுக்குப் பயந்து எடுத்துப் போன பெட்டி.

சேகர்: வருவதற்கு முன்பே அரித்திருந்தது.

செல்வம்: பரவாயில்லை கயல். தூரத்தில் தன் ஊர்க் குன்று கண்ணில் பட்டதும் அவன் நின்று, தானாகவே ஒரு பாட்டுச் சொல்வான். பாதைகள் போய்க்கொண்டே இருக்கின்றன, எங்கெங்கோ சுற்றிய கால் கடைசியில் வீட்டுப் பக்கம் திரும்புகிறது என்று வரும். அதைக் கேட்டு மந்திரவாதி, நீ பழைய ஆள் இல்லை என்பார். உங்கள் தாத்தா வெளியூர் போய்விட்டுப் பஸ்ஸில் வரும்போது யானைமலை தெரிந்ததும் என்னைத் தட்டி எழுப்புவார். அதையும் சேர்த்துச் சொல்.

மீனா: சரி பெரியப்பா. எழுதிக்கொண்டேன்.

ராணி: பெட்டியில் சிமிழ் இருந்ததா?

மீனா: இல்லை மதினி. இரண்டு தடவை பார்த்துவிட்டேன். நாளை நீங்களே வந்து ஒரு முறை பாருங்கள்.

ராணி: வருகிறேன். அப்பளம் நான் வாங்கி வருகிறேன்.

சேகர்: 25 இலை என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன். 9 மணியா 10 மணியா?

பிரபு: மாட்டுத்தாவணிக்கு யார் வருகிறீர்கள்?