கல்லீரல் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு: உங்கள் வீட்டில் எப்படி?

காவிரிக்கரை:
அப்பாவுக்குக் கல்லீரலின் வலது பக்கத்தை வெட்டி எடுத்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்களில் பாதிப்பேர், "எங்க ஊர்ல ஒருத்தருக்கு இதே ஆபரேஷன், ஆறே மாசம்தான்" என்று ஆரம்பித்தார்கள். அவருக்கு எந்த வகை என்று கேட்டால் தெரியாது. வேறெங்கோ தொடங்கி கல்லீரலுக்குப் பரவியதையும் இதையும் ஒன்றாகவே போட்டுக் குழப்புகிறார்கள்.

அப்பாவுக்கு வந்தது எச்.சி.சி., அதாவது கல்லீரல் செல்லிலேயே முளைக்கும் ஹெபடோசெல்லுலார் கார்சினோமா. கல்லீரலிலேயே தொடங்கும் புற்றில் முக்கால்வாசி இதுதான். மூலகாரணம் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ். உடம்பில் இருந்ததே யாருக்கும் தெரியாது. கட்டியை எடுத்தாலும் அது முளைத்த மண் உள்ளேதான் இருக்கிறது என்றார் சர்ஜன். ஆரம்ப நிலையிலேயே வெட்டி எடுத்தவர்களில் பாதிக்கு மேல் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள். அதே ஐந்து வருஷத்துக்குள் 70 சதவீதம் பேர் வரைக்கும் திரும்ப வரவும் செய்கிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்று அம்மா கேட்டார். திரும்ப வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் ஊசி விட்டுச் சுட்டுவிடலாம், சிலருக்கு மறுபடி வெட்டவும் செய்யலாம். அதற்காகத்தான் முதல் இரண்டு வருஷம் அடிக்கடி சி.டி. ஸ்கேனும் ஏ.எஃப்.பி. (இந்தக் கட்டி இருந்தால் பல பேருக்கு ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனையும். அப்பாவுக்கும் ஒரு புள்ளி தெரிந்தது, சுட்டார்கள், மறுநாள் காலையிலேயே சர்க்கரை கம்மி என்று காபியைத் திருப்பி அனுப்பினார்.

ஹெபடைடிஸ் பி வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை மட்டும் விடவே கூடாது. கட்டிதான் போய்விட்டதே என்று நிறுத்துகிறவர்களை ஓ.பி. வரிசையிலேயே பார்த்திருக்கிறேன். எரிச்சலாக வரும்.

நெல்லைப் பொண்ணு:
எங்கள் அம்மாவுக்குக் கல்லீரலுக்குள்ளே ஓடும் பித்தக்குழாயில் வந்தது, கொலாஞ்சியோகார்சினோமா. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) இல்லை, ஹெபடைடிஸ் இல்லை, ஏ.எஃப்.பி. நார்மல். அப்ப நல்லதுதானே என்றார்கள் எல்லாரும். நல்லதில்லை. முழுசாக எடுத்தாலும் ஐந்து வருஷம் தாண்டுகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். பயாப்ஸி ரிப்போர்ட்டில் எங்கள் டாக்டர் முதலில் தேடியது இரண்டு விஷயம்: வெட்டிய ஓரம் சுத்தமா, நெறிக்கட்டியில் புற்று செல் இருக்கிறதா. ஓரம் சுத்தம், நெறிக்கட்டியில் இருந்தது.

ஆறு மாதம் கேபசிடபின் என்ற கீமோ மாத்திரை. உள்ளங்கை சிவந்து தோல் உரிந்து, புடவைக் கொசுவத்தைக்கூட அம்மாவால் பிடிக்க முடியவில்லை. நைட்டிக்கு மாற மாட்டேன் என்று பிடிவாதம் வேறு. டோஸைக் குறைத்த பிறகு தேறினார். கொஞ்ச காலம் நன்றாகவே இருந்தார், பிறகு நுரையீரலில் வந்து தவறிவிட்டார். டாக்டர் எதையும் பூசி மெழுகாமல் சொல்லியிருந்ததால் பத்திரம், பாங்க் வேலை எல்லாவற்றையும் தானே நேரில் போய் முடித்திருந்தார். மறைக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

குட்டிப்பையன் அம்மா:
குழந்தைகள் கதை வேறுங்க. என் பையனுக்கு ரெண்டு வயசு முடியறதுக்குள்ள ஹெப்படோபிளாஸ்டோமா, சின்னக் குழந்தைங்களுக்கு வர்ற கல்லீரல் புற்று. ஏ.எஃப்.பி. லட்சத்துல இருந்துச்சு. முதல்ல சிஸ்பிளாட்டின் கீமோ, கட்டி சுருங்கினதும் ஆபரேஷன். நல்ல சிகிச்சை கிடைச்சா பத்துல எட்டுக் குழந்தைங்க பிழைச்சுடுதுன்னு சொன்னாங்க. இவன் இப்போ ஸ்கூல் போறான். ஆனா அந்த மருந்தால காது கொஞ்சம் மந்தம். 'ச', 'ஸ' சத்தம் சரியா விழாது, மெஷின் வெச்சிருக்கான். கீமோ ஓடும்போதே காது டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்க.

தம்பிக்காக:
தம்பிக்கு 22 வயது, ஃபைப்ரோலமெல்லர் என்ற அபூர்வ வகைக் கல்லீரல் புற்று. இது பெரும்பாலும் இளவயதில், நல்ல கல்லீரலில் வருவது. அதனால் பெரிதாக வெட்டினாலும் மிச்சம் வளர்ந்து தாங்கிக்கொண்டது. ஆனால் ஏ.எஃப்.பி. பொதுவாக ஏறாது, ரத்தப் பரிசோதனையை நம்பி இருக்க முடியாது. பல வருஷம் கழித்தும் திரும்ப வரும் என்பதால் ஸ்கேனை விடவில்லை.
காவிரிக்கரை அண்ணா, அப்பாவுக்கு மாற்றுக் கல்லீரல் யோசிக்கவில்லையா?

காவிரிக்கரை:
கேட்டோம் தம்பி. 1996-இல் வந்த மிலான் அளவுகோலைச் சொன்னார்கள்: ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், ரத்தக்குழாயில் இறங்கியிருக்கக் கூடாது. அப்பாவுடையது 7. மிச்சக் கல்லீரலும் நன்றாக வேலை செய்ததால் வெட்டுவதே சரி என்றார்கள். இப்போது இந்த அளவைச் சில இடங்களில் தளர்த்துகிறார்கள், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். வேறு ஊரில் கருத்துக் கேட்கப் போவதானால் பயாப்ஸி ஸ்லைடு, பிளாக் (திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டி) இரண்டையும் லேபில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் ரிப்போர்ட்டைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள்.