ப்ரொஹிபிட் பக்கத்தில் 'டு' வருமா, 'ஃப்ரம்' வருமா?

வெள்ளைப்பலகை:
ஒரு ஆய்வகத்துக்கு ஆங்கிலத்தில் விதிமுறைகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்பதற்கு 'தி ரூல்ஸ் ப்ரொஹிபிட் விசிட்டர்ஸ் டு என்டர் தி லேப்' என்று எழுதினால், கூட வேலை பார்ப்பவர் 'டு என்டர்' கிடையாது, 'ஃப்ரம் என்டரிங்' தான் என்கிறார். அலவ், பெர்மிட் இரண்டும் 'டு' தானே வாங்குகின்றன, அவற்றின் எதிர்ச்சொல் மட்டும் ஏன் வேறு வழியில் போகிறது? ஃபர்பிட் கூட 'டு' வாங்கும் என்று படித்த நினைவு. பேசாமல் பேன் (ban) என்று போட்டுவிடலாமா?

அரைப்புள்ளி:
அவர் சொன்னதுதான் சரி. ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் 'ப்ரொஹிபிட் விசிட்டர்ஸ் ஃப்ரம் என்டரிங்'. ஆள் முக்கியமில்லை, செயல்தான் முக்கியம் என்றால் நேராக 'தி ரூல்ஸ் ப்ரொஹிபிட் ஸ்மோக்கிங்', அங்கே ஃப்ரம் வேண்டாம். 'டு' பழைய ஆங்கில நூல்களில் கண்ணில் படும், இன்று எழுதினால் தவறு என்றுதான் திருத்துவார்கள்.

ஓலைக்கீற்று:
ஏன் என்று கேட்டதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ப்ரொஹிபிட் லத்தீனிலிருந்து வந்தது, மூலத்தில் குறுக்கே பிடித்து நிறுத்துவது என்ற பொருள். ஒன்றிலிருந்து ஒருவரை விலக்கி நிறுத்தும் வினைகள் எல்லாமே ஃப்ரம் கூட்டம்தான்: ப்ரிவென்ட், ஸ்டாப், பார், டிஸ்கரேஜ், பேன் எதை வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள். ஃபர்பிட் அந்தக் கூட்டம் இல்லை. அது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், உள்ளே இருக்கும் 'பிட்' கட்டளையிடுவதைக் குறிக்கும், அதனால் கமாண்ட், ஆர்டர் போல 'டு' வாங்குகிறது. 'ஷி ஃபர்பேட் ஹிம் டு லீவ்.' இப்போது ஃபர்பிட்டுக்கும் ஃப்ரம் போட்டு எழுதுகிறார்கள், அது பரவிவிட்டது. ஆனால் அதேபோல ப்ரொஹிபிட்டுக்கு 'டு' போட்டுக்கொள்ளும் சலுகை கிடைக்கவில்லை.

நமக்கு 'டு' தானாக வந்து விழுவதற்குத் தமிழும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 'வாகனம் நிறுத்தத் தடை' என்கிறோம் இல்லையா, அந்த 'நிறுத்த' அப்படியே 'டு பார்க்' ஆகிவிடுகிறது. 'நிறுத்துவதைத் தடை செய்கிறது' என்று மனதுக்குள் மாற்றிக்கொண்டால் 'பார்க்கிங்' தானே வரும். அப்புறம் 'வெளியாட்களுக்குத் தடை' என்பதில் இருக்கும் 'கு'வை வைத்துக்கொண்டு 'ப்ரொஹிபிடட் டு விசிட்டர்ஸ்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் தடைபடுகிறவர் நேரடிச் செயப்படுபொருள், வேற்றுமை உருபு மாதிரி எதுவும் ஒட்டத் தேவையில்லை. இதையெல்லாம் விட ஆபத்து 'வரக் கூடாது என்று தடை'. தமிழில் கூடாதும் தடையும் சண்டை போடாமல் சேர்ந்தே நிற்கும். அதே பழக்கத்தில் 'ப்ரொஹிபிடட் ஃப்ரம் நாட் என்டரிங்' என்று எழுதினால் வராமல் இருப்பதற்குத் தடை என்று ஆகிவிடும், ஊரே ஆய்வகத்துக்குள் வந்துதான் ஆக வேண்டும்!

தூண்டில்முள்:
பேன் போடலாமா என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. இலக்கணம் ஒன்றுதான், தொனி வேறு. சட்டமும் ஒப்பந்தமும் ப்ரொஹிபிட் செய்யும், அம்மா அப்பா ஃபர்பிட் செய்வார்கள், அரசோ விளையாட்டு அமைப்போ பேன் செய்யும். நேற்று வரை இருந்ததை இன்று நிறுத்தும் வாசனை பேனில் உண்டு. ஓர் ஆட்டக்காரரை இரண்டு வருடம் விலக்கி வைத்தால் 'பேன்ட் ஃபார் டூ இயர்ஸ்', அங்கே ப்ரொஹிபிட்டட் என்று யாரும் எழுத மாட்டார்கள். விதிமுறை ஆவணம் என்றால் ப்ரொஹிபிட்டே பொருத்தம். ப்ரிவென்ட்டோடு மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மழை வந்து போக முடியவில்லை என்றால் அது ப்ரிவென்ட், மழைக்கு விதி போடும் அதிகாரம் இல்லை. அதேபோல ஒரு விதி ப்ரொஹிபிட் செய்த பிறகும் ஆள் சுவர் ஏறிக் குதித்து உள்ளே வரலாம், பூட்டுதான் ப்ரிவென்ட் செய்யும்.

வெள்ளைப்பலகை:
நன்றி, கூட்டம் பிரித்துச் சொன்னது நன்றாகப் புரிந்தது. ஒரே ஒரு சந்தேகம், 'இட் இஸ் ப்ரொஹிபிடட் டு ஸ்மோக்' என்று அறிவிப்புகளில் பார்த்திருக்கிறேனே, அது?

ஓலைக்கீற்று:
அது உண்டு, சட்ட ஆவணங்களிலும் வரும். அங்கே 'இட்' வெறும் இடம்பிடிக்கும் எழுவாய், 'டு ஸ்மோக்' தான் உண்மையான எழுவாய், பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆளைச் செயப்படுபொருளாக வைக்கும் வாக்கியத்துக்கு அதை ஆதாரமாகக் காட்ட முடியாது. என்னைக் கேட்டால் அதுவும் கொஞ்சம் விறைப்பான நடைதான், 'ஸ்மோக்கிங் இஸ் ப்ரொஹிபிடட்' போதும்.

அரைப்புள்ளி:
கதவில் ஒட்டப்போகிறீர்கள் என்றால் அதுவும் வேண்டாம், 'நோ ஸ்மோக்கிங்', 'நோ விசிட்டர்ஸ்', முடிந்தது. முழு வாக்கியம் கையேட்டுக்கு மட்டும். வாசித்துக் காட்ட வேண்டி வந்தால் ப்ரொஹிபிட்டில் அழுத்தம் 'ஹி' மேல், பெயர்ச்சொல்லான ப்ரொஹிபிஷனில் அழுத்தம் 'பி'க்குப் போய்விடும், 'ஹ' பலர் வாயில் கேட்கவே கேட்காது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை இருந்த மதுவிலக்குக்கும் இதே பெயர்தான், பெரிய எழுத்தில் தொடங்கும். ப்ரொஹிபிடிவ் என்று ஒன்று இருக்கிறது, விலையோடு சேர்ந்து வந்தால் தடைச் சட்டம் எதுவும் இல்லை, வாங்க முடியாத அளவுக்கு விலை அதிகம் என்று அர்த்தம்.

வெள்ளைப்பலகை:
சரி, கையேட்டில் 'விசிட்டர்ஸ் ஆர் ப்ரொஹிபிடட் ஃப்ரம் என்டரிங் தி லேப் வித்அவுட் பெர்மிஷன்' என்று மாற்றிவிட்டேன்.