புதுப்பிப்பு: லாரியின் 'டொக்' சத்தம் பிடிபட்டது

கிளட்ச் விடும்போதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் பின்னால் 'டொக்' என்று அடிக்கிறது என்று எழுதியிருந்தேன். பலரும் கிராஸைத்தான் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் மூட்டு) காரணமாகச் சொன்னீர்கள். அந்த ஷாஃப்டைக் கழற்றிப் பார்த்தோம். கிராஸ், ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங், ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய இடம் தரும் ஸ்லிப் யோக் எதிலும் ஆட்டம் இல்லை. (கழற்றும் முன் யோக்கில் மார்க் போடுங்கள். மாற்றி மாட்டினால் அதிர்வு தனிக்கதை.)

கடைசியில் மாட்டியது டார்க் ராட் புஷ், அதாவது ஆக்சில் முறுக்கிக்கொள்ளாமல் வண்டிச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கம்பியின் முனையில் உள்ள ரப்பர். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கேபினில் ஒருவர் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சை லேசாக விட்டுப் பிடித்தார். பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தேன். டிஃபரன்ஷியல் மூக்கு (பின் ஆக்சிலின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியில் ஷாஃப்ட் சேரும் முன்பகுதி) ஒவ்வொரு முறையும் தூக்கி இறங்கியது. ராடின் முனை பிராக்கெட்டுக்குள் நகர்ந்தது. ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

இரு முனையிலும் புஷ் மாற்றினோம். வண்டி தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போதுதான் போல்டுகளை இறுதியாக முடுக்க வேண்டும். ஆக்சில் தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும்.

இப்போது சத்தம் இல்லை. ரிவர்ஸ் போடும்போது மட்டும் மெல்லிய 'டிக்'. அது பல்சக்கரங்களுக்கு இடையே இருக்க வேண்டிய இடைவெளிதான், விட்டுவிட்டேன்.